ஒரு செடிக்காகச் சிறையா? அரிய தாவர இறக்குமதிச் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்கிட், கள்ளி, சைக்காட் (பனை போலத் தோன்றும் ஒரு பழமையான செடி வகை), குடுவைச் செடி என்று எதையாவது ஆசையாகச் சேர்க்க ஆரம்பித்தவர்கள் ஒரு கட்டத்தில் வெளிநாட்டு விற்பனையாளர்களைத் தேடிப் போவார்கள். நான் பல வருடங்களாக ஆர்க்கிட் வளர்க்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அப்போது யாரும் எனக்குச் சொல்லித்தராதவற்றை, பிற்பாடு மற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை வைத்தே இங்கே எழுதியிருக்கிறேன். தண்டனை விவரங்கள் சட்டத் திருத்தங்களோடு மாறக்கூடியவை. அதனால் வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டு அதிகாரிகளின் இப்போதைய விதிகளையும் பார்த்துவிடுங்கள்.

ஒரு செடிக்காக உண்மையிலேயே சிறைக்கு அனுப்புவார்களா?

அனுப்புவார்கள். அனுப்பியிருக்கிறார்கள்.

2004-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், வீட்டிலிருந்தே ஆர்க்கிட் வியாபாரம் செய்துவந்த ஒரு முதியவருக்கு 17 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவருக்குப் பெரு நாட்டிலிருந்து செடி அனுப்பியவருக்கு 21 மாதம். அனுமதித் தாளில் ஒரு ஆர்க்கிட்டின் பெயர் இருக்கும், பெட்டிக்குள் அனுமதி வாங்காத வேறு ஆர்க்கிட் இருக்கும். பெயரை மாற்றிப் போட்டு அனுப்பியதுதான் வழக்கின் மையம்.

2006-ல் லண்டன். நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட்களைப் பயணப் பெட்டியில் வைத்து ஹீத்ரோ விமான நிலையம் வழியாகக் கொண்டுவந்த ஒருவருக்கு 4 மாதச் சிறை. 2022-ல் கலிபோர்னியா. கடலோரப் பாறைகளில் வளரும் டட்லியா என்ற சதைப்பற்றுச் செடிகளில் 3,715-ஐப் பிடுங்கி, நர்சரியில் வளர்த்தவை என்று சொல்லி ஆசியாவுக்கு அனுப்ப முயன்றவருக்கு 24 மாதம். இது ஏற்றுமதி வழக்கு. ஆனாலும் அந்தச் செடிகள் போய்ச் சேரவிருந்த நாட்டில் வாங்குபவரின் கைக்கு வரும்போது அவை இறக்குமதிச் செடிகள்தானே.

எல்லா வழக்கும் சிறையில் முடிவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் நியூசிலாந்துக்குள், காலுறைகளில் அடைத்து உடம்பில் கட்டிக்கொண்டு 947 கள்ளிகளையும் சதைப்பற்றுச் செடிகளையும் கொண்டுவந்த ஒரு பெண் பிடிபட்டார். 2021-ல் அவருக்குக் கிடைத்தது 12 மாதத் தீவிரக் கண்காணிப்பும் 100 மணி நேரச் சமூகப் பணியும்.

இந்த வழக்குகளில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றுதான். எல்லாவற்றிலும் செடியோடு சேர்ந்து ஒரு பொய்யோ ஒரு மறைப்போ பயணம் செய்திருக்கிறது. நீதிமன்றங்கள் அதைத்தான் கடுமையாக எடுத்துக்கொள்கின்றன.

எந்தச் சட்டத்தை மீறியதாக வழக்குப் போடுவார்கள்?

ஒரே சட்டம் இல்லை, அடுக்கடுக்காக மூன்று இருக்கின்றன. பலர் ஒன்றைக் கடந்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது சைட்டீஸ். அழியும் நிலையில் உள்ள காட்டு உயிர்கள், தாவரங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 1973 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் உறுப்பினர்கள். இதன் பட்டியல்களில் இருக்கும் சுமார் 40,000 இனங்களில் 30,000-க்கும் மேல் தாவரங்கள் என்பது பலருக்குத் தெரியாது. யானைத் தந்தமும் புலித்தோலும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால் இது பெரும்பாலும் செடிகளுக்கான ஒப்பந்தம். அதற்குக் காரணம், ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் பட்டியலில் இருப்பது. கள்ளிக் குடும்பமும் சில விதிவிலக்குகள் தவிர மொத்தமாகவே இருக்கிறது.

பட்டியல்கள் மூன்று. முதல் பட்டியலில் இருப்பவற்றைக் காட்டிலிருந்து எடுத்து வணிகம் செய்யவே கூடாது. பாபியோபெடிலம், பிராக்மிபீடியம் என்ற இரண்டு செருப்புப்பூ ஆர்க்கிட் பேரினங்களும், ஆப்பிரிக்க சைக்காட்களான என்செபலார்டோஸ் முழுவதும், மேகாலயாவின் நெப்பந்தஸ் காசியானா என்ற குடுவைச் செடியும் இதில் அடக்கம். இரண்டாம் பட்டியலில் இருப்பவற்றை ஏற்றுமதி நாட்டின் அனுமதியோடு வாங்கலாம். மூன்றாவது, ஒரு நாடு தன் இனத்தைக் காக்க மற்றவர்களின் உதவி கேட்டுச் சேர்ப்பது.

சைட்டீஸ் தானாக யாரையும் தண்டிக்காது. ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் சட்டத்தில் தண்டனையும் பறிமுதலும் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அதுதான் இரண்டாவது அடுக்கு: அந்தந்த நாட்டின் வனவிலங்குச் சட்டம், சுங்கச் சட்டம். மூன்றாவது அடுக்கு தாவர நோய்த் தடுப்புச் சட்டங்கள். இதற்குச் செடி அரிதானதா இல்லையா என்ற கவலையே கிடையாது. மண்ணும் பூச்சியும் நோயும் உள்ளே வருகிறதா என்பதுதான் பிரச்சினை.

அதிகபட்சத் தண்டனை எவ்வளவு?

நாட்டுக்கு நாடு வேறு. உலகம் முழுக்க அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் லேசி சட்டம். 1900-ல் வந்த சட்டம், 2008-ல் திருத்தப்பட்டுத் தாவரங்களையும் மரப் பொருட்களையும் பரவலாக உள்ளே இழுத்துக்கொண்டது. தெரிந்தே சட்டவிரோதச் செடியை இறக்குமதி செய்தால் 5 ஆண்டு வரை சிறை. தனிநபருக்கு 2,50,000 டாலர் வரையும் நிறுவனத்துக்கு 5,00,000 டாலர் வரையும் அபராதம். 350 டாலருக்கு மேல் மதிப்புள்ள செடியை விற்பதும் வாங்குவதும்கூட இந்தப் பெருங்குற்றத்தில் வந்துவிடும். நாலைந்து நல்ல ஆர்க்கிட் சேர்ந்தாலே அந்த மதிப்பைத் தாண்டிவிடும். அதே செயலுக்குக் கடத்தல் சட்டத்தையும் சேர்த்துப் போட்டால் உச்ச வரம்பு 20 ஆண்டு. சுங்க அதிகாரியிடம் பொய் சொன்னதற்குத் தனியாக 5 ஆண்டு.

பிரிட்டனில் சுங்கச் சட்டத்தின் கீழ் 7 ஆண்டு வரை. ஆஸ்திரேலியாவில் சைட்டீஸ் செடிகளை அனுமதியின்றிக் கொண்டுவந்தால் 10 ஆண்டு வரை. தென்னாப்பிரிக்காவில் 10 ஆண்டும் 1 கோடி ராண்ட் அபராதமும் வரை. இந்தியாவில் 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி சைட்டீஸ் பட்டியல்களை உள்ளே கொண்டுவந்தார்கள். சுங்கச் சட்டம் 1962-ன் கீழ் தடைசெய்யப்பட்ட பொருளுக்கு 7 ஆண்டு வரை தண்டனை உண்டு.

இவை எல்லாம் உச்ச வரம்புகள். முதல் தடவை, சின்ன அளவு, மறைக்கவில்லை என்றால் பெரும்பாலும் பறிமுதலோடும் அபராதத்தோடும் முடியும். ஆனால் அந்த "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி ஒருவர் பெட்டியைக் கட்டக்கூடாது.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் தப்பிக்க முடியாதா?

இதுதான் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம்.

லேசி சட்டத்தில் இரண்டு படிகள் இருக்கின்றன. தெரிந்தே செய்தால் பெருங்குற்றம். தெரியாமல் செய்திருந்தாலும், தகுந்த கவனம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று நீதிமன்றம் கருதினால் அது சிறுகுற்றம். 1 ஆண்டு வரை சிறை. அதற்கும் கீழே பறிமுதல். பறிமுதலுக்கு உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதே கேள்வி இல்லை. முழு நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் செடி போய்விடும்.

தகுந்த கவனம் என்றால் என்ன என்பது ஆளைப் பொறுத்தது. இருபது வருடம் ஆர்க்கிட் வளர்த்தவர், சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர், பாபியோபெடிலம் முதல் பட்டியலில் இருப்பது எனக்குத் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். முதன்முதலாக ஒரு தொட்டிச் செடி வாங்கியவர் அதையே சொன்னால் காது கொடுத்துக் கேட்பார்கள். அனுபவம் ஏற ஏற சட்டம் நம்மிடம் அதிகம் எதிர்பார்க்கிறது. இது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

லேசி சட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. செடி கிளம்பிய நாட்டின் சட்டத்தை மீறியிருந்தாலும் அமெரிக்காவில் அது குற்றமாகிவிடும். பெருவின் வனச் சட்டம், மடகாஸ்கரின் மர ஏற்றுமதித் தடை, எல்லாவற்றையும் வாங்குபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு செடி வழக்கு அல்ல, ஆனால் இந்த விதியின் கடுமைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம்: ஹோண்டுராஸ் நாட்டு விதிகளுக்கு மாறாகக் சிங்கி இறாலைப் பிடித்து அனுப்பியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் 8 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அட்டைப் பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பையில் அனுப்பியதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

செடியோடு பைட்டோ சான்றிதழ் வருகிறது என்கிறார் விற்பவர். அது போதாதா?

போதாது. பைட்டோ சான்றிதழ் செடியின் உடல்நலத்துக்கான தாள். பூச்சி இல்லை, நோய் இல்லை என்று ஏற்றுமதி நாட்டின் வேளாண் அதிகாரி சொல்வது. இந்தச் செடி சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று அது சொல்வதில்லை. அதைச் சொல்வது சைட்டீஸ் அனுமதி. இரண்டும் வேண்டும். முதல் பட்டியலில் உள்ள காட்டுச் செடி என்றால் ஏற்றுமதி அனுமதியோடு உங்கள் நாட்டின் இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும், அதுவும் வணிகம் அல்லாத நோக்கத்துக்கு மட்டும்.

நர்சரியில் பெருக்கிய முதல் பட்டியல் செடிகளை இரண்டாம் பட்டியலில் இருப்பவை போலவே நடத்துகிறார்கள். அதனால் ஆசைப்பட்ட பாபியோபெடிலத்தை முறையாக வாங்க வழி இருக்கிறது. தாள் வாங்கச் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும், அவ்வளவுதான்.

"தாள் எல்லாம் வேண்டாம், நான் அனுப்பிவிடுகிறேன்" என்று ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். இணையத்தில் ஒருவர் ஒரு பாபியோபெடிலத்தின் படம் அனுப்பினார். நான் வருடக் கணக்காகத் தேடிக்கொண்டிருந்த இனம். விலையும் கைக்கு எட்டுவதாக இருந்தது. சைட்டீஸ் அனுமதி கேட்டேன். "அதற்கு இரண்டு மாதம் ஆகும், செலவும் கூடும். பெட்டி மேல் பிளாஸ்டிக் பூ, பரிசுப் பொருள் என்று எழுதி அனுப்புகிறேன், எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன், ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை, மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. மூன்றாம் நாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேர்கள் விரல் நீளத்தில் வெட்டப்பட்டிருந்தன. அடி இலையின் பின்புறம் சாம்பல் நிறத்தில் பாசிப் படலம். ஒரு இலையில் ஏதோ பூச்சி தின்ற ஓட்டை, ஓரம் காய்ந்து பழுப்பாகி, பழைய காயம். வேரோடு ஒட்டியபடி ஒரு சிறு சுண்ணாம்புக்கல் துண்டு. அது நர்சரியில் பிறந்த செடி இல்லை. ஏதோ ஒரு மலைச்சரிவிலிருந்து போன வாரம் பெயர்த்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

ஒருவர் பெட்டியின் மேல் பொய் எழுதுகிறேன் என்று சொன்ன அந்த வினாடியிலிருந்து "எனக்குத் தெரியாது" என்ற வாதம் உங்களுக்குக் கிடையாது. அந்த உரையாடல் கைபேசியிலேயே இருக்கும். விசாரணையில் முதலில் எடுப்பதும் அதைத்தான். டெக்ஸாஸ் வழக்கிலும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே போன கடிதங்களே முக்கியச் சான்றாக நின்றன.

காட்டுச் செடியா, நர்சரிச் செடியா என்று பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

நூற்றுக்கு நூறு முடியாது. ஆனால் பழகிய கண்ணுக்கு நிறையத் தெரியும்.

நர்சரியில் வளர்ந்த செடியின் வேர்கள் தொட்டியின் வடிவத்தில் சுருண்டிருக்கும். மரப்பட்டைத் துண்டோ, பெர்லைட்டோ, ஸ்பாக்னம் பாசியோ ஒட்டியிருக்கும். ஒரே தொகுதியில் உள்ளவை ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே வயதில் இருக்கும். காட்டுச் செடிகள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒன்று பெரிது, ஒன்று நோஞ்சான், ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தது. கள்ளி என்றால் அடிப்பகுதி தக்கை போலத் தடித்துப் பழுப்பேறியிருக்கும், ஆணிவேர் வெட்டுப்பட்டிருக்கும், வெயில் விழுந்த பக்கம் ஒரு நிறம், மற்ற பக்கம் ஒரு நிறம். கோனோபைட்டம் போன்ற குட்டிச் செடிகளில், பல வருடத்துப் பழைய தோல்கள் அடுக்கடுக்காகக் காய்ந்து மூடியிருக்கும், வேர்களுக்கிடையே பொடிக் கற்கள் மாட்டியிருக்கும்.

சுங்கத்திலும் இதைத்தான் பார்க்கிறார்கள். தாளில் "செயற்கையாகப் பெருக்கியது" என்று எழுதியிருந்து, பெட்டியைத் திறந்தால் இப்படி ஒரு செடி இருந்தால், தாள் இருப்பதே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

விதைக்கும் குப்பி நாற்றுக்கும் இதே விதிதானா?

இங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டாம் பட்டியலில் உள்ள ஆர்க்கிட்களின் விதைக்கு சைட்டீஸ் அனுமதி தேவையில்லை. கள்ளி விதைக்கும் பெரும்பாலும் தேவையில்லை, ஆனால் மெக்சிகோவிலிருந்து ஏற்றுமதியாகும் கள்ளி விதைக்குத் தேவை. கண்ணாடிக் குப்பிக்குள் கிருமியில்லாமல் வளர்த்த ஆர்க்கிட் நாற்றுக்கும் விலக்கு உண்டு. முதல் பட்டியல் இனமாக இருந்தால் தாய்ச்செடி சட்டப்படி வந்ததாக இருக்க வேண்டும், குப்பி திறக்கப்படாமல் இருக்க வேண்டும். நாற்றை வெளியே எடுத்துப் பாசியில் சுற்றி அனுப்பினால் விலக்கும் போய்விடும். பைட்டோ விதிகள் இவற்றுக்குத் தனி.

முதல் பட்டியலில் உள்ள தாவரங்களின் விதைகள் செடியைப் போலவே கட்டுப்பாட்டில் உள்ளவை. என்செபலார்டோஸ் விதை ஒன்றைச் சட்டைப் பையில் போட்டு வந்தாலும் அது இறக்குமதிதான்.

சுற்றுலா போன இடத்தில் வாங்கிய ஒரே ஒரு செடி, சொந்த உபயோகத்துக்கு. அதற்குமா?

ஆமாம், அதற்கும்தான். சொந்தப் பொருட்களுக்கான விலக்கு சைட்டீஸில் இருக்கிறது. கள்ளியில் செய்த மழைக்குச்சி என்ற இசைக்கருவியை ஆளுக்கு மூன்று வரை கொண்டுவரலாம் என்றுகூட விதி உண்டு. ஆனால் உயிருள்ள செடியை அமெரிக்கா போன்ற நாடுகள் இந்த விலக்கில் சேர்ப்பதில்லை. விமான நிலையத்தில் படிவத்தில் எழுதிக் காட்டிவிட்டால் பெரும்பாலும் செடி மட்டும் போகும். எழுதாமல் பிடிபட்டால் வழக்கு வரலாம்.

மரம், கிட்டார், தரைப்பலகை எல்லாம்கூட இதில் வருமா?

வரும். பணம் பெரிதாகப் புரள்வதே அங்கேதான். கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் 2009-லும் 2011-லும் சோதனை நடந்தது. முதல் சோதனை மடகாஸ்கர் கருங்காலி மரம் பற்றியது, இரண்டாவது இந்திய மரம் பற்றியது. 2012-ல் 3,00,000 டாலர் அபராதமும் மரப் பாதுகாப்புப் பணிகளுக்கு 50,000 டாலரும் கட்ட ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார்கள். லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற தரைப்பலகை நிறுவனம் ரஷ்யத் தூரக் கிழக்கின் காட்டு ஓக் மரத்தைப் பொய்த் தகவலோடு இறக்குமதி செய்ததற்காக 2016-ல் 1.3 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அந்தக் காடு சைபீரியப் புலிகளும் அமுர் சிறுத்தைகளும் வாழும் காடு.

ரோஸ்வுட் பேரினமான டால்பெர்ஜியா முழுவதும் 2017 முதல் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வீணையும் கிட்டாரும் தூக்கிக்கொண்டு எல்லை கடந்த கலைஞர்கள் தவித்துப்போனார்கள். 2019-ல் முடிவடைந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை, அது 1992 முதல் முதல் பட்டியலில் இருக்கிறது.

வழியில் வேறு நாட்டுத் துறைமுகத்தில் சரக்கு நின்றால் அங்கேயும் வழக்கு வருமா?

வரலாம். 2014-ல் மடகாஸ்கரிலிருந்து 29,000-க்கும் மேற்பட்ட ரோஸ்வுட் கட்டைகளோடு ஒரு கப்பல் சிங்கப்பூரில் பிடிபட்டது. 2017-ல் உயர் நீதிமன்றம் சரக்கை வரவழைத்தவர்களுக்குத் தண்டனை விதித்தது. சரக்கு வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இருந்தது என்று ஏற்று, 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. ஐந்து வருடம் இழுத்த வழக்கு.

போயும் போயும் ஒரு செடி. எதற்கு இத்தனை கடுமை?

இந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

2002-ல் பெருவின் ஒரு சாலையோரக் கடையில் ஒரு அமெரிக்கர் சில ஆர்க்கிட்களை வாங்கினார். சில டாலர் விலை. ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த, உள்ளங்கையை விடப் பெரிய பூ. அறிவியலுக்கு அதுவரை தெரியாத பிராக்மிபீடியம். அதை அனுமதி இல்லாமல் புளோரிடாவில் உள்ள மேரி செல்பி தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுபோனார். வேறு ஒருவர் முந்திக்கொள்வதற்குள் பெயர் வைத்துவிட வேண்டும் என்று அங்கே அவசரமாக விவரித்து வெளியிட்டார்கள். பிராக்மிபீடியம் கோவாச்சி என்று பெயர் நிலைத்தது. அப்புறம் வழக்கு வந்தது. பூங்காவுக்கு 5,000 டாலர் அபராதமும் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும். கொண்டுவந்தவருக்கு 1,000 டாலரும் 2 ஆண்டு கண்காணிப்பும். இதற்கிடையில் செய்தி பரவி, அந்தச் செடி முதலில் கிடைத்த சரிவுகளை ஆட்கள் வழித்துத் துடைத்துவிட்டார்கள். நீதிமன்றத் தீர்ப்பை விட அந்தச் சரிவுகளுக்கு நடந்ததுதான் எனக்கு வலிக்கிறது.

வியட்நாமில் பாபியோபெடிலம் வியட்நாமென்ஸ் 1999-ல் பெயர் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் அது வளர்ந்த பாறைகளில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. இன்றைக்குப் புதிய இனம் கண்டுபிடிக்கும் தாவரவியலாளர்கள் இடத்தின் பெயரை வெளியிடாமல் மறைக்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கோபியாபோவா கள்ளிகள் கடல் மூடுபனியின் ஈரத்தை நம்பி வாழ்கின்றன. ஒரு கால்பந்து அளவுக்கு வளரப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும். 2020-ல் இத்தாலியில் ஒரு வீட்டில் அத்தகைய கள்ளிகளில் ஏறக்குறைய ஆயிரத்தைப் போலீசார் கைப்பற்றினார்கள். அவற்றில் சில, நூறு வயதைத் தாண்டியவை. ஒரு ஆள் ஒரே மதியத்தில் கடப்பாரையால் பெயர்த்து எடுத்ததை அந்த மலை திருப்பி வளர்க்க ஒரு நூற்றாண்டு வேண்டும். யானையைக் கொன்றால் எலும்புக்கூடாவது மிஞ்சும். கள்ளியைப் பெயர்த்த இடத்தில் ஒரு சின்னக் குழி மட்டும் இருக்கும், அடுத்த காற்றில் அதுவும் மூடிவிடும்.

நோய்த் தடுப்புச் சட்டங்களின் கடுமைக்கும் காரணம் இருக்கிறது. ஆசியச் செஸ்நட் நாற்றுகளோடு வந்த ஒரு பூஞ்சை 1904-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. சில பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான அமெரிக்கச் செஸ்நட் மரங்கள் பட்டுப்போயின. 2013-ல் இத்தாலியின் புலியா பகுதி ஆலிவ் மரங்களில் சைலெல்லா என்ற பாக்டீரியா தெரியவந்தது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு அலங்காரக் காபிச் செடியோடு அது வந்திருக்க வேண்டும் என்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. பல தலைமுறை கண்ட ஆலிவ் தோப்புகள் விறகாகிப்போயின.

சரி, அப்படியென்றால் இந்தத் தண்டனைகள் எல்லாம் நியாயம்தானா?

எல்லாமே நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். தாளில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலோ, தாவரவியல் பெயர் மாறியதைக் கவனிக்காமல் பழைய பெயரில் அனுமதி வாங்கியிருந்தாலோ, மலையைக் காலி செய்தவனையும் அப்படித் தவறியவரையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது. நர்சரியில் பிறந்து வளர்ந்த செடியால் காட்டுக்கு எந்தக் கேடும் இல்லை, ஆனாலும் அதற்கான தாள் தவறினால் அதே சட்டம் பாய்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. டெக்ஸாஸ் முதியவரின் 17 மாதம் அதிகம் என்று நினைப்பவர்களின் பக்கம் எனக்கும் பரிவு உண்டு.

இன்னொரு குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. முறையாக வாங்குவது கஷ்டமாக இருக்கும்வரை திருட்டுச் செடிக்குச் சந்தை இருந்துகொண்டே இருக்கும். கோவாச்சி விஷயத்தில் பெரு அரசு பின்னர் நல்ல காரியம் செய்தது. உரிமம் பெற்ற நர்சரிகள் மிகச் சில தாய்ச்செடிகளைக் காட்டிலிருந்து எடுத்துப் பெருக்க அனுமதித்தது. இப்போது அதன் குப்பி நாற்றுகளையும் கலப்பினங்களையும் தாளோடு வாங்க முடிகிறது. எனக்குச் சட்டத்திடமிருந்து வேண்டியது இதுதான்: பொய்ச் சீட்டு ஒட்டுபவனுக்கு இன்றைய கடுமை அப்படியே இருக்கட்டும், நர்சரிச் செடிக்கான அனுமதி வேகமாகவும் மலிவாகவும் கிடைக்கட்டும்.

பறிமுதல் செய்த செடிகளை என்ன செய்கிறார்கள்?

நோய் இருந்தால் எரித்துவிடுவார்கள். இல்லையென்றால் தாவரவியல் பூங்காக்களுக்குக் கொடுப்பது வழக்கம். அமெரிக்காவில் 1978 முதல் இதற்கென்றே மீட்பு மையங்களின் திட்டம் ஒன்று இருக்கிறது. பிறந்த காட்டுக்கே திரும்புவது அபூர்வம். எங்கே பிடுங்கினார்கள் என்று தெரியாது, வழியில் வேறு நோய் ஏறியிருக்கலாம். இத்தாலியில் பிடிபட்ட கள்ளிகளில் 844 மட்டும் 2021-ல் விமானத்தில் சிலிக்குத் திரும்பின. சில இறந்துவிட்டன, சில மிலானிலேயே தங்கிவிட்டன.

தாள் இல்லாத ஒரு செடி ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலில், பழைய தேதி போட்டு ரசீதோ அனுமதியோ தயாரிக்காதீர்கள். இருக்கும் சிக்கலை விடப் பெரிய குற்றம் அது. விற்காதீர்கள், பக்கக்கன்று பிரித்து நண்பருக்குக் கொடுக்காதீர்கள், எல்லை தாண்டி எடுத்துப்போகாதீர்கள். ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு தனிக் குற்றமாக எண்ணப்படலாம், வாங்கிக்கொண்ட நண்பரும் மாட்டுவார்.

யாரிடம், எப்போது, எப்படி வாங்கினீர்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். பழைய மின்னஞ்சல், பணம் அனுப்பிய சீட்டு எதையும் அழிக்காதீர்கள். பிறகு இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிட்டு அதிகாரிகளிடம் பேசுங்கள், முதலில் நேரே அதிகாரியிடம் போக வேண்டாம். செடியை ஒப்படைக்க வேண்டும் என்று முடிவானால் மண்ணோடு, பெயர்ச்சீட்டோடு, எப்போது தண்ணீர் விட்டீர்கள் என்ற குறிப்போடு கொடுங்கள். அதை வாங்கி வளர்க்கப்போகிறவருக்கு உதவும்.